குளச்சலில் இறங்கிய டிலனாய்

குட்டீஸ், ஆனி, ஆடி மாதங்களில் குளச்சல் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். அலைகள் ஆள் உயரத்துக்கு எழும்பி வந்து கரையில் மோதும். நிறைய வள்ளங்களை மணலில் ஏற்றி வைத்திருப்பார்கள். விசைப்படகுகளும் நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன் பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் பெருகும் காலம் என்பதால் அரசு போட்டிருக்கும் தடை அது.

மோட்டாரே இல்லாத காலத்தில் இந்த மழைக்கடலில் படகு விடுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அப்படி ஒரு மழைக்காலத்தில் இதே கரையில் சிக்கிக்கொண்டவர்தான் டிலனாய். முழுப்பெயர் யுஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய். 1715-ம் ஆண்டு, இன்று பிரான்ஸ் நாட்டின் வடக்கே இருக்கும் அராஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்ததும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, கப்பலேறிக் கீழை நாடுகளுக்கு வந்துவிட்டார்.

டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் நல்லமிளகு செய்த வேலை! மேற்குக் கரையில் விளைந்த நல்லமிளகை மலிவாக வாங்கி ஐரோப்பாவில் கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள். அந்த நேரத்தில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, பக்கத்துச் சிறு நாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மிளகு முழுவதும் ராஜா கைக்குப் போய்விட்டால் வியாபாரம் என்ன ஆவது? டச்சுக்காரர்கள் பயந்தார்கள். 1741-ம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இருந்து படையைக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தப் படை இறங்கிய இடம் குளச்சல்.

அப்போது குளச்சலில் துறைமுகப் பாலமோ, அலைத் தடுப்புச் சுவரோ கிடையாது. பெரிய கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்தால் தரை தட்டிவிடும். அதனால் தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்கள், வெடிமருந்து, அரிசி எல்லாவற்றையும் சிறு படகுகளில் ஏற்றி, அலை தணியும் நேரம் பார்த்துக் கரை சேர்க்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இது நடக்கும். டச்சுக்காரர்களும் இறங்கினார்கள். குளச்சலில் இருந்து கோட்டாறு வரை ஊர்களைப் பிடித்தார்கள். அன்றைய தலைநகரான பத்மநாபபுரத்தையும் பிடிக்கத் திட்டம் போட்டார்கள்.

வடக்கே போயிருந்த மார்த்தாண்ட வர்மா செய்தி கேட்டுப் படையோடு திரும்பினார். கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை!

அரபிக்கடலில் இருந்து காற்று நேராகக் கரையை நோக்கி வீசும் காலம் அது. பாய்மரக் கப்பல் கரைக்கு அருகில் வந்தால் காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பாறையில் மோத வைத்துவிடும். சிறு படகோ அலையில் கவிழ்ந்துவிடும். கொச்சியில் டச்சுக்காரர்களுக்குக் கோட்டையும் ஆட்களும் இருந்தும், உதவி வந்து சேரவில்லை. கரையில் இருந்தவர்கள் தங்கள் சிறிய அரணுக்குள் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் ராஜாவின் படை, பின்னால் கொந்தளிக்கும் கடல்.

குளச்சல் பக்கம் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்களாம். கப்பலில் இருந்து பார்த்தவர்களுக்கு அது துப்பாக்கி ஏந்திய பெரும் படையாகத் தெரிந்ததாம். மழை மூட்டத்தில் துடுப்பு எது, துப்பாக்கி எது என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் மாதம் அரணுக்குள் இருந்த வெடிமருந்தில் தீப்பிடித்தது. சேர்த்து வைத்திருந்த அரிசியும் எரிந்துபோனது. சாப்பிட ஒன்றும் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை. டச்சுப் படை சரணடைந்தது. ஐரோப்பியக் கம்பெனிப் படை ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் இப்படிப் பணிய வைத்தது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். அந்த வெற்றியின் நினைவுத் தூண் குளச்சலில் இருக்கிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறுதான் இருக்கும். ஊரோ பல ஆயிரம் மைல் தூரத்தில். இனி என்ன ஆகுமோ என்று எவ்வளவு கலங்கியிருப்பார்! ஆனால் மார்த்தாண்ட வர்மா கெட்டிக்காரர். ஐரோப்பியப் போர்முறை தெரிந்த ஆளைச் சிறையில் பூட்டி வைப்பதால் யாருக்கு லாபம்? தன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். டிலனாயும் சம்மதித்தார். எதிரியாக வந்தவரிடமே படையை ஒப்படைப்பது ராஜாவுக்கு ஆபத்தான வேலைதான், இல்லையா?

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. வரிசையாக நிற்பது, ஒரே நேரத்தில் சுடுவது, பீரங்கியைக் கையாள்வது என்று எல்லாவற்றையும் டிலனாய் கற்றுக்கொடுத்தார். தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அதற்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. கடலோரத்தில் வட்டக்கோட்டையையும் சீர்படுத்தினார். படிப்படியாக உயர்ந்து படைத்தலைவரானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பெரிய கேப்டன் என்று அர்த்தம்.

அந்தப் படையின் பலம் டச்சுக்காரர்களுக்கும் புரிந்தது. 1753-ல் மாவேலிக்கரையில் ராஜாவோடு சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1758-ல் மார்த்தாண்ட வர்மா இறந்த பிறகு, அடுத்து வந்த தர்மராஜாவிடமும் டிலனாய் பணியாற்றினார். வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட மதிலைக் கட்டும் வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1789-ல் திப்பு சுல்தானின் படை அந்த மதிலில்தான் முதலில் தடுத்து நிறுத்தப்பட்டது.

வெற்றிகளுக்கு நடுவே ஒரு பெரிய துக்கமும் வந்தது. இளைஞனாக இருந்த மகன் ஜோகன்னஸ் 1765-ல் களக்காட்டுப் போரில் இறந்துவிட்டார். அதன் பிறகும் டிலனாய் வேலையை விடவில்லை. 1777 ஜூன் 1 அன்று உதயகிரியில் காலமானார். நம் கரையில் பருவமழை தொடங்கும் நாட்கள் அவை.

உதயகிரிக் கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் வரும். உள்ளே மரங்களுக்கு நடுவில், கூரை இல்லாத பழைய தேவாலயச் சுவர்களுக்குள் டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம். மனைவியும் மகனும் அங்கேயேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். போனால், கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளைக் குனிந்து பாருங்கள். லத்தீன் மொழியிலும், நம் தமிழிலும் இருக்கும்.