பாதிரியாராக வேண்டியவர்

நம் தோழர் மேடையில் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வரும். கடிகாரம் தானாக உண்டாகுமா, ஆகாதென்றால் உலகம் மட்டும் தானாக உண்டானது எப்படி என்று அதில் எழுதியிருக்கும். அனுப்பியவர் அதைத் தாமே கண்டுபிடித்ததாக எண்ணிக் கொண்டிருப்பார். இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழஞ்சரக்கு, தோழர்களே, அது! இங்கிலாந்திலே அதற்குக் கடை விரித்தவர் வில்லியம் பேலி என்ற பாதிரியார். கடையைக் காலி செய்ய வைத்தவர், அதே பேலியின் நூல்களைப் படித்துப் பாதிரியாராகப் போகவிருந்த சார்லஸ் டார்வின்.

வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடக்கிறது. பற்சக்கரமும் சுருள்வில்லும் பொருந்தி ஓடுவதைக் கண்டு, செய்தவன் ஒருவன் உண்டென முடிவு கட்டுகிறோம். கண்ணோ கடிகாரத்தினும் நுட்பமானது. எனவே அதையும் திட்டமிட்டுச் செய்தவன் உண்டு. 1802-இல் பேலி எழுதிய நூலின் வாதம் இதுதான். கேட்க அழகானது, மறுப்பதற்கில்லை. ஆனால் இதே பேலிதான், பிரெஞ்சுப் புரட்சியின் அனல் இங்கிலாந்தைச் சுட்ட நாட்களில், உழைக்கும் மக்களுக்கென்றே ஒரு சிறு வெளியீடு எழுதி, இருப்பதைக் கொண்டு மனநிறைவு அடையுங்கள் என்று உபதேசித்தவர். உலகமே திட்டப்படி என்றால் மாளிகையும் குடிசையும் திட்டப்படிதானே! கடிகாரத்துக்குள் இந்தச் சங்கதியும் ஒளிந்திருக்கிறது.

டார்வின் பிறந்தது 1809 பிப்ரவரி 12, ஷ்ரூஸ்பரி நகரில். தந்தை வசதி படைத்த மருத்துவர். மகனையும் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம். குழந்தையொன்றுக்கு நடந்த அறுவையைக் காணச் சகியாமல் மகன் வெளியேறிவிட்டார். மருத்துவம் ஆகாதென்றால் மதகுருவாகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பேலியின் எழுத்து அவரை ஆட்கொண்டது, ஏறக்குறைய மனப்பாடம்! கடவுளை மறுக்கக் கச்சை கட்டிப் புறப்பட்டவர் அல்லர் அவர்.

1831 டிசம்பரில் பீகிள் கப்பல் ஏறினார். ஐந்தாண்டுக் கடற்பயணம். 1835-இல் கலாபகோஸ் தீவுகளில் அவர் கண்ட பறவைகள் சில, தீவுக்குத் தீவு வேறுபட்டிருந்தன. சாயலோ தென்னமெரிக்கப் பறவைகளின் சாயல். தனித்தனியே படைத்தவன் அண்டை நாட்டுச் சாயலை ஏன் பூசவேண்டும்? ஊர் திரும்பிய பின் இக்கேள்வி அவரைக் குடைந்தது. 1838-இல் மால்தசைப் படித்ததும் விடை துலங்கிற்று. பிறப்பவை ஏராளம், பிழைப்பவை சில. சூழலுக்கு இசைந்த சிறு வேறுபாடு உடையவை பிழைத்து, அதைத் தம் குட்டிகளுக்குத் தருகின்றன. கடிகாரம் குட்டி போடுவதில்லை. பேலி மறந்தது அதைத்தான்.

விடை கிடைத்தும் இருபது ஆண்டு வெளியிடவில்லை. மனைவி எம்மா பக்தி மிக்கவர். அவர் மனம் புண்படுமே என்ற கவலை. 1851-இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தார். அன்பான படைப்பாளி என்ற எண்ணத்துக்கு அந்தத் தகப்பன் நெஞ்சில் அதன் பின் இடம் ஏது? ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. புறா வளர்ப்போர் கழகங்களில் சேர்ந்தார்; சாதாரண மனிதர்கள் பொறுக்கி இணைசேர்த்தே புதுப்புதுப் புறா இனங்களை உண்டாக்கிய வித்தையை அவர்களிடமே கற்றார். 1858-இல் வாலஸ் என்ற இளைஞர் அதே கருத்தைத் தாமாகக் கண்டு எழுதியனுப்பவே, இருவர் கட்டுரையும் லண்டனில் ஒருசேர வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பர் 24-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் 1,250 படிகளுடன் வெளிவந்தது.

கண்ணைப் பற்றிய கேள்விக்கு அவர் பயந்து ஒதுங்கவில்லை. தாமே எழுப்பிப் பதிலும் தந்தார். ஒளியை மட்டும் உணரும் ஒரு புள்ளி. அது குழிந்தால் ஒளி வரும் திசை தெரியும். குழியின் வாய் குறுகினால் உருவம் தெரியும். வில்லையே இல்லாத இத்தகைய கண் நாட்டிலஸ் என்னும் கடலுயிருக்கு இன்றும் இருக்கிறது. வில்லை வந்தால் தெளிவு. ஒவ்வொரு படிக்கும் பயன் உண்டு. மாறுதல் குருட்டாம்போக்கில் வருகிறது. எது தங்கும் என்பது அப்படியல்ல. இன்னொன்று: நம் விழித்திரைக்கு முன்புறம் நரம்புகள் படர்ந்து, அதைத் துளைத்துக்கொண்டு பின்னே போகின்றன, துளைத்த இடம் குருடு. பேய்க்கணவாயின் கண்ணிலோ நரம்பு பின்புறமே இருக்கிறது, குருட்டுப் புள்ளி கிடையாது. திட்டமிட்டவன் மனிதனைவிடக் கணவாயிடம் கரிசனம் காட்டினானோ!

டார்வினை நாத்திகர் என்று நாம் உரிமை கொண்டாடினால் அது பொய். கடவுள் உண்டா இல்லையா என்பது தம் அறிவுக்கு எட்டாதது என்பவராகவே கடைசிவரை இருந்தார். மேடைப்பேச்சும் அவருக்கு ஆகாது. அந்த வேலையை நண்பர் ஹக்ஸ்லி மேற்கொண்டு, 1862-இல் லண்டன் தொழிலாளர்களுக்கென்றே இதைப்பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார்.

1882 ஏப்ரல் 19-இல் டார்வின் மறைந்தார். தம் டௌன் கிராமத்திலேயே புதைக்கப்பட விரும்பியவரை வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில், நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். அவர் விருப்பப்படி மெருகேற்றாத மரத்தில் எளிய சவப்பெட்டி செய்திருந்தார் கிராமத்துத் தச்சர். பளபளக்கும் வேறு பெட்டி வந்தது. தச்சரின் பெட்டி அவரிடமே திருப்பி அனுப்பப்பட்டது.