புன்னைக்காயலின் ஹென்றீக்கஸ் சுவாமியார்



நம் படித்துறையைத் தொட்டு ஓடுகிற தாமிரபரணி எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், கடலுக்குப் போகிறது என்று உடனே சொல்லுவார்கள். பொதிகையில் பிறந்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று வயல்களுக்கெல்லாம் பாலூட்டிக்கொண்டு போகிற நம் ஆறு கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். நானூறு வருஷங்களுக்கு முன் அந்த மணல் கரையில் உயிர் நீத்த ஒரு குருவானவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ். நம்மவர் நாவில் அது அண்டிரிக் அடிகளார் என்று ஆயிற்று. தமிழ் அச்சுக்குத் தந்தை என்று பள்ளிப் புத்தகங்களிலும் இவர் பெயர் வருவதுண்டு. ஆனால் அச்சுப் புத்தகம் வெளிவந்தபோது இவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வயதில் இந்தக் கரையில் வந்து இறங்கிய வாலிபக் குரு நாள்தோறும் என்ன செய்தார் என்பதே நாம் இன்று தியானிக்க வேண்டியது.

இவர் 1520-ம் வருஷம் போர்த்துக்கல் தேசத்தில் வில்லா விசோசா என்ற ஊரில் பிறந்தார். இவர் முன்னோர் யூத குலத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள். அக்காலத்தில் அந்தத் தேசத்தில் இது ஒரு பெருங்குறையாக எண்ணப்பட்டது. தாமே கிறிஸ்தவராய்ப் பிறந்து, கிறிஸ்தவராய் வளர்ந்தாலும், பாட்டன் பூட்டன் யார் என்று கேட்டு ஒதுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஹென்றீக்கஸ் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். குலத்தைக் காரணம் காட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே அனுப்பப்பட்டவர் சர்வேசுரன் மேல் மனஸ்தாபப்படாமல் கோயிம்பிரா நகரில் படிப்பைத் தொடர்ந்து, 1545-ல் சேசு சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். மறு வருஷமே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அந்தக் கரையின் நிலைமையைச் சற்று சொல்ல வேண்டும். 1536, 1537-ம் வருஷங்களில் பரதவ குலத்தார் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பிலும் கடல் தொழிலிலும் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்த்துக்கீசியர் காப்பாற்றுவார்கள் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கிடைத்ததே தவிர, அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் அர்ச்சியசிஷ்ட சவேரியார் வந்து, கையில் மணியை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபங்களைக் கற்பித்தார். அவருக்கும் தமிழ் வராது. ஜெபங்களைத் துபாஷிகள் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவிட்டார்கள்! சவேரியார் அதை அறிந்து, 1544-ல் தம் தோழராகிய மன்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். ஒரு சொல் மாறினால் விசுவாசமே ஆசையாக மாறிவிடுகிறது. துபாஷி வழியாக வேதம் போதிப்பதில் உள்ள ஆபத்து இதிலே விளங்கும்.

ஹென்றீக்கஸ் சுவாமியாருக்கும் முதலில் ஒரு துபாஷி இருந்தார். இந்தப் பாஷை நமக்கு வராது, துபாஷியைக் கொண்டே காலத்தைத் தள்ளலாம் என்று சில காலம் அவரும் சோர்ந்துபோனார். ல, ள, ழ என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் அந்நியரை நாமே பார்த்திருக்கிறோமல்லவா? அவருக்கோ அகராதி இல்லை, ஐரோப்பியருக்கு எழுதிய இலக்கணப் புத்தகம் இல்லை, பாஷை கற்பிக்கும் பள்ளியும் இல்லை. அப்படியிருந்தும் அவருடைய மனச்சாட்சி அவரை விடவில்லை. நோயாளி ஒருவன் சாகும் தறுவாயில் எதையோ சொல்லுகிறான். அதைத் துபாஷி சுருக்கிச் சொல்லுகிறான். ஒரு தாய் அழுதுகொண்டே பத்து வார்த்தை பேசுகிறாள். துபாஷி இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறான். குருவானவருக்கும் ஆத்துமத்துக்கும் நடுவில் மூன்றாம் மனிதன் ஒருவன் நின்றால் பாவசங்கீர்த்தனம் கேட்பது எப்படி?

ஆகவே மறுபடியும் தொடங்கினார். தமிழ் எழுத்துக்களைப் படிக்கவும் எழுதவும் கற்றார். லத்தீன் படித்தவர் ஆனதால், பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை என்ன, வினைச்சொல்லுக்குக் காலம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தமக்கென்று குறித்துக்கொண்டே வந்தார். வந்தான் என்றால் என்ன, வருவான் என்றால் என்ன, வரமாட்டான் என்றால் என்ன என்று கரையிலே வலை உலர்த்துகிறவர்களும், கோவிலுக்கு வருகிற பிள்ளைகளும், கணக்கப்பிள்ளைமாருமே அவருக்கு ஆசிரியர்கள். சில மாதங்களில் துபாஷி தேவையில்லாமற்போயிற்று. 1548-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் வேம்பாற்றிலிருந்து உரோமாபுரிக்கு, அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் இந்த விவரங்களைக் காணலாம்.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது? அதை அறிய, 1548 பெப்ருவரியில் மணப்பாட்டில் சவேரியார் தம் தோழர்களுக்கு எழுதிக்கொடுத்த ஒழுங்குகளைப் பார்த்தால் போதும். புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுக்குத் தாமதமின்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். தினந்தோறும் பிள்ளைகளுக்கு ஜெபம் கற்பிக்க வேண்டும். சனிக்கிழமை பெண்களையும், ஞாயிற்றுக்கிழமை ஆண்களையும் கோவிலில் கூட்ட வேண்டும். நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். சண்டை சச்சரவுகளைச் சமாதானமாய்த் தீர்த்துவைக்க வேண்டும். போர்த்துக்கீசியர் முன்னிலையில் இந்தக் கிறிஸ்தவர்களைக் குறைவாய்ப் பேசாமல் அவர்கள் பட்சமே நிற்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஜனங்களுடைய அன்பைச் சம்பாதிக்க வேண்டும். இதில் அதிசயமான காரியம் ஒன்றுமில்லை. எந்தப் பங்கிலும் எந்தக் குருவானவரும் செய்கிற வேலைதான். ஆனால் இதை வெயிலிலும் மணலிலும், காலால் நடந்தும் தோணியில் ஏறியும், ஊருக்கு ஊர் செய்ய வேண்டும். சுவாமியாரோ திடகாத்திரம் உள்ளவரல்ல, அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். அப்படிப்பட்டவரை சவேரியார் 1549-ல் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது பெரிதும் பாராட்டினார்.

அதே 1549-ல் முத்துக்குளித்துறை மிஷனரிகளுக்குத் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி சுவாமியார் இராமநாதபுரக் கரையில் வேதாளை என்ற ஊரில், தம் கிறிஸ்தவர்களைக் கப்பலேற்றிக் காப்பாற்றும் முயற்சியில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார். உடனிருந்தவர்கள் ஹென்றீக்கஸ் சுவாமியாரைத் தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. தலைமை கிடைத்ததும் அவர் வைத்த ஒழுங்குகளில் ஒன்று நமக்குச் சிரிப்பையும் சிந்தனையையும் தருவது. குருக்களும் சகோதரர்களும் தங்களுக்குள் பேசும்போதுகூடத் தமிழிலேயே பேச வேண்டும். தவறிப் போர்த்துக்கீசில் பேசினவர் அதற்குத் தபசு செய்ய வேண்டும். வீட்டுக்குள் ஒரு பாஷை, கோவிலில் ஒரு பாஷை என்று இருந்தால் கோவிலில் பேசுவது வேஷமாய்ப் போகும் என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

சவேரியாரின் கட்டளைப்படி தாம் கற்றதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஓர் இலக்கணமாக எழுதினார். பண்டிதர் தமிழை அல்ல, கரையில் ஜனங்கள் பேசிய தமிழையே அதில் குறித்தார். பின்னால் வருகிற வாலிபக் குருக்கள் தாம் பட்ட பாட்டைப் படாதிருக்க வேண்டுமென்பதே அவர் கருத்து. அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982-ல் அச்சில் வந்தது. 2013-ல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. ஐந்நூறு வருஷங்களுக்குமுன் நம் கரையில் எப்படிப் பேசினார்கள் என்று அறிய விரும்பும் அறிஞர்கள் இப்போது அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார். அதைத் தாங்கியதில் அந்த ஜனங்களின் தர்மமும் உண்டு. துன்பங்களும் வந்தன. 1553-ல் வடுகர் படையும் கடல்வழியாய் வந்தவர்களும் புன்னைக்காயலைத் தாக்கியபோது, போர்த்துக்கீசியத் தளபதியோடு சுவாமியாரும் கைதியானார். கொச்சியிலிருந்து கப்பற்படை வந்த பிறகே நிலைமை மாறிற்று. 1560-ஐ ஒட்டிப் பரதவர்களில் ஒரு பகுதியார் மன்னார் தீவில் குடியேற்றப்பட்டபோது, தம் மந்தையோடு அவரும் அங்கே போய் உழைத்தார்.

அவர் எழுதிய புத்தகங்கள் இந்த அன்றாட வேலையின் பலனே. 1578-ம் வருஷம் அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய பாஷைகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறியது நம் தமிழே. அதற்கான செலவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பங்கெடுத்தார்கள். மறு வருஷம் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய ஒரு புத்தகமும், 1586-ல் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்கள் அடங்கிய பெரிய புத்தகமும் பின்தொடர்ந்தன.

இனி நம் மனதை உறுத்த வேண்டிய ஒன்றைச் சொல்லுகிறேன். 1593-ல், அவர் எழுபத்துமூன்று வயதுக் கிழவராய் இந்தக் கரையில் உழைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சேசு சபையே தன் பொதுச் சங்கத்தில் யூத வம்சத்தார் யாரையும் சபையில் சேர்ப்பதில்லை என்று சட்டம் செய்தது. அது 1608-ல் ஓரளவு தளர்த்தப்பட்டு, 1946-ல்தான் அடியோடு நீக்கப்பட்டது. வாலிபத்தில் ஒரு சபை அவரைக் குலம் கேட்டு வெளியே அனுப்பியது. முதுமையில் மற்றொரு சபை அவருடைய குலத்தாருக்குக் கதவை அடைத்தது. அவரோ இரண்டுக்கும் நடுவில் அரை நூற்றாண்டு காலம், தம் குலம் என்னவென்று கேட்காத ஒரு ஜனத்தின் பாஷையைப் பேசிக்கொண்டு அவர்களோடு வாழ்ந்தார். குலம் பார்க்கும் நோய் போர்த்துக்கல் தேசத்து நோய் மட்டுமா? நம் வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. கல் சுவர் இடிந்தது. மனச்சுவர் இடிந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்ய வேண்டும்.

1600-ம் வருஷம் பெப்ருவரி மாதத்தில் புன்னைக்காயலில் சுவாமியார் மரித்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தினரும் அவருக்காகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று சபையாரின் பழைய குறிப்புகள் சொல்லுகின்றன. சர்வேசுரன் பெயரைச் சொல்ல வந்தவர் தங்களைக் கவனித்துக் கேட்டார் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள் போலும்.

பிரியமானவர்களே, இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எத்தனையோ வாலிபர்கள் நம் ஜில்லாவுக்குக் கட்டட வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு பூசையில் கோவிலின் பின்பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், திவ்ய நற்கருணை வாங்கிக்கொண்டு மௌனமாய்ப் போய்விடுகிறார்கள். அவர்களை நாம் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வேலையைச் சொல்லியே குறிப்பிடுகிறோம். அவர்கள் பாஷையில், சாப்பிட்டாயா என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்லுமுன் வெட்கத்தோடு எனக்கே இதைச் சொல்லிக்கொள்ளுகிறேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் அவர்களில் இருவரை அறைவீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, அந்த ஒரு வாக்கியத்தையாவது கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். விரும்புகிறவர்கள் உடன் வரலாம். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும்.

அண்டிரிக் அடிகளாரும் ஒரு சொல்லில்தான் தொடங்கியிருப்பார். அவருடைய ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் வேண்டிக்கொள்வோமாக. நம் காதுகளைத் திறக்கும்படி சேசுநாதரை மன்றாடுவோமாக.

உங்கள் பங்குக் குருவானவர்