மேடேறிய மேதை லூயி ரெனோ

நம் ஆட்டோமொபைல் லேபில் குறுக்கே வெட்டி வைத்த பின் ஆக்ஸில் ஒன்று இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் ஒரு தடவையாவது கையால் சுற்றிப் பார்த்திருப்போம். நானும் சுற்றினேன், பற்களை மட்டும் எண்ணவில்லை. அதற்கான தண்டனை வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்தது.

பழைய டூ-வீல் டிரைவ் ஜீப் ஒன்றில் பின் டிஃபரன்ஷியல் போய்விட்டது. பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஒன்றை வாங்கி, நானே முன்னின்று மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. ஆனால் மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்கியது. சமவெளியில் ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது வண்டி 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு பிரித்து எண்ணினேன். பழையதில் கிரவுன் வீலுக்கு 39 பல், பினியனுக்கு 8, விகிதம் 4.875. நான் மாட்டியதில் 41-க்கு 10; அதாவது 4.1. சக்கரத்துக்குப் போகும் இழுவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை நானே குறைத்திருந்தேன்!

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் லூயி ரெனோவின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது.

1877-ல் பாரிஸில் துணி, பொத்தான் வியாபாரியின் கடைசி மகனாகப் பிறந்தவர். பொறியியல் பட்டம் எதுவும் பெறாதவர் (நம்மில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும்!). பில்லான்கூரில் இருந்த குடும்ப வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைதான் அவருடைய பட்டறை.

டிஃபரன்ஷியல் அவர் கண்டுபிடிப்பு இல்லை. பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்றைய கார்கள் பலவற்றில் செயினோ பெல்ட்டோதான் சக்கரத்தைச் சுற்றியது. ரெனோ 1898-ல் ஒரு தெ தியோன் மூன்று சக்கர வண்டியை நான்கு சக்கர வண்டியாக மாற்றினார். செயினை எடுத்துவிட்டு, புரப்பெல்லர் ஷாஃப்ட் மூலம் பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியலுக்குச் சக்தியைக் கொண்டுபோனார். டாப் கியரில் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட்டையும் வெளி ஷாஃப்ட்டையும் நேராக இணைத்தார். இதுதான் டைரக்ட் டிரைவ்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? டாப் கியரில் புரப்பெல்லர் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் வேலை முழுவதும் பின் அச்சின் தலையில். அந்த விகிதம் பெரிதானால் மேடு ஏறும், எஞ்சின் கதறும். சிறிதானால் சமதரையில் சுகமாக ஓடும், மேட்டில் திணறும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

1898 டிசம்பர் 24 இரவு, 21 வயது ரெனோ மோன்மார்த்ர் பகுதியில் 13 சதவீதச் சரிவுள்ள லெபிக் வீதியில் வண்டியை ஏற்றிக் காட்டினார். அன்றிரவே 12 பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். 1899-ல் காப்புரிமையும் வந்தது. அண்ணன்மார் மார்செல், ஃபெர்னான் ஆகியோருடன் கம்பெனியும் பிறந்தது.

வாழ்க்கையும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறித்தது. 1903 பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்தில் மார்செல் விபத்தில் சிக்கி இறந்தார். 1909-ல் ஃபெர்னானும் போய்ச் சேர, ரெனோ தனி ஆளானார். முதல் உலகப் போரில் அவருடைய டாக்ஸிகள் மார்ன் போர்முனைக்கு வீரர்களைச் சுமந்தன. அவருடைய தொழிற்சாலையின் எஃப்.டி. டாங்கி பிரான்சுக்குப் பெருமை சேர்த்தது. ஆனால் இரண்டாம் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அதே தொழிற்சாலை ஜெர்மானியருக்கு லாரி செய்தது. 1944 செப்டம்பரில் கைதான ரெனோ, விசாரணைக்கு முன்பே அக்டோபர் 24 அன்று காலமானார். 1945 ஜனவரியில் கம்பெனி அரசுடைமை ஆனது.

தொழிற்சாலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்பவர்கள் உண்டு. துரோகம் என்பவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தொழிற்சாலை ஓடினால் போதும் என்று மட்டும் ஓர் எஞ்சினியர் இருந்துவிட முடியாது என்பது அவர் கதையில் எனக்குக் கிடைத்த பாடம். அது யாருக்காக ஓடுகிறது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த முறை லேபுக்குப் போனால் அந்த ஆக்ஸிலைச் சும்மா சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பற்களை எண்ணுங்கள். எது கிடைக்கிறது, அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்று கணக்குப் போடுங்கள். நான் ஜீப்பை மறுபடி பிரித்த பிறகுதான் அதைக் கற்றேன்!