எலும்புச் சாம்பலைச் சுவைத்த ஆசான்

வேதியியல் என்றாலே நம்மில் பலருக்கு வேப்பங்காய். அணு என்கிறோம், மூலக்கூறு என்கிறோம், இணைதிறன் என்கிறோம். கண்ணால் கண்டவர் யார்? காணாததால் மனப்பாடம் ஒன்றே வழியென்று தேர்வுக்கு முதல் நாள் இரவு உருப்போடுகிறோம். இந்தத் தொல்லை நம் காலத்தில் தோன்றியதன்று. 130 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஒரு பேராசிரியர் இதனோடு மல்லுக்கு நின்றார். அவர்தாம் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ரே.

1861 ஆகஸ்டு 2-ஆம் நாள் ராருலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. பள்ளிப் பருவத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு நோயால் படிப்பு தடைப்பட்டது. நோயாளிச் சிறுவன் வீட்டிலிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளினான்.

கல்லூரி நாட்களில் பெட்லர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் செய்து காட்டிய சோதனைகள் அவரை வேதியியலின் பக்கம் இழுத்தன. பார்த்தது போதாதென்று, தோழர் ஒருவரின் அறையிலேயே சிறு ஆய்வகம் வைத்துவிட்டார்! மெல்லிய தகரத்தால் செய்த ஊதுகுழல் ஒருமுறை பேரோசையுடன் வெடித்தது. நல்ல வேளையாக இருவரும் தப்பினர்.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கிரம் பிரௌன். பின்னல் ஊரில் வாழும் நாம் இவரைப் பற்றி அவசியம் அறிய வேண்டும். 1883-இல் இவர் சாதாரண உப்பின் உள்ளமைப்பை விளக்க ஒரு மாதிரி செய்தார். கருவிகள் என்ன தெரியுமா? கம்பளி நூல் உருண்டைகளும் பின்னல் ஊசிகளும்! ஒரு நிற உருண்டை சோடியம், மறு நிற உருண்டை குளோரின் என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என மற்றது ஆறு நிற்கும். உப்பு உள்ளே இப்படித்தான் இருக்கிறது என்று பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் காட்டியது 1913-இல்தான். நம் சாயப்பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாக வருவதும் இதே உப்புத்தான். அம்மாவின் ஊசிக் கூடையை எடுத்து வைத்து நீங்களும் கட்டிப் பார்க்கலாம்.

1889-இல் ரே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். உயர் வகுப்புகளை விட, புதிதாகச் சேர்ந்த இளம் மாணவர்க்குக் கற்பிப்பதையே விரும்பினார். ஆங்கிலமே கோலோச்சிய வகுப்பறையில் தாய்மொழியிலும் விளக்கினார். ஒரு நாள் எலும்புத் துண்டை அடுப்புச் சுடரில் நன்றாகச் சுட்டார். உயிர்ப்பொருள் யாவும் எரிந்து வெண்சாம்பல் எஞ்சியது. அது இப்போது எலும்பன்று, வெறும் கால்சியம் பாஸ்பேட் என்று விளக்கி, ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டார்! எலும்பைத் தொட்டாலே தீட்டு என்று வளர்ந்த பிள்ளைகள் திகைத்தனர். பொருள் மாறிவிட்டது என்று புத்தகத்தில் படிப்பது வேறு. மனம் அதை ஏற்பது வேறு அல்லவா? (நம் ஆய்வகத்தில் எதையும் சுவைக்கலாகாது, சிஸ்டர் மன்னிக்கமாட்டார்!) மாணவர் தமக்குத் தெரிந்ததன் மீது தாமே அறிவைக் கட்டி எழுப்புவதற்குக் கல்வியாளர்கள் இன்று பெரிய பெயரெல்லாம் சூட்டியிருக்கிறார்கள். ரே பெயர் எதுவும் சூட்டவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தார், அவ்வளவே.

எலும்பு அவரை விடவில்லை. மருந்துக்கான பாஸ்பேட் தயாரிக்க, கசாப்புக் கடை எலும்புகளை வாங்கி வீட்டு மொட்டை மாடியில் உலர்த்தினார். காக்கைகள் கூடின, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தனர். வேறிடத்தில் இரவில் எரித்தபோது, கொலை நடந்ததோ என்று காவலர் வந்து விசாரித்தார். இத்தகைய பாடுகளுக்கிடையே, 700 ரூபாய் முதலீட்டில் தோன்றியதுதான் பெங்கால் கெமிக்கல்ஸ்.

மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ் போன்ற மேதைகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1920-களில், நம் திருப்பூர் கதருக்குப் பேர்பெற்று விளங்கிய நாளில், அவரும் வங்கத்தில் கதரைப் பரப்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பின் பெற்ற சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே திருப்பித் தந்தார். அறிவியல் கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில் தங்கினார். 1944 ஜூன் 16-ஆம் நாள் அவ்வறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.