நூல் கட்டிய சிறுவன் அறிவியல் மேதை ஆன வரலாறு

மின்சாரத்தைப் பெருமளவில் உண்டாக்கும் வழியை உலகிற்குக் காட்டியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் கல்லூரியில் பயின்றவரல்லர். அத்தகையவர் எவ்வாறு கற்றார் என்பதையே நாம் இங்குக் காணப் போகிறோம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டனில் பிறந்தார். தந்தையார் இரும்புக் கொல்லர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் பாரடேக்கு ஒரு வாரத்திற்கென ஒரே ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் அறிந்த அளவில் பள்ளிப் படிப்பு நின்றது. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் கடையில், நூல் கட்டும் தொழிலைப் பழக ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார்.

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைக் கண்டதும் அவ்வாறே. ஆயினும், படித்ததை அப்படியே ஏற்பது அவர் வழக்கமன்று. மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலில் கண்ட செய்திகளை, கையிலிருந்த சில பென்னிகளைச் செலவிட்டுத் தாமே சோதித்துப் பார்த்த பின்னரே நம்பினார்.

அந்நாளில் ஐசக் வாட்ஸ் என்பார் மனத்தைப் பண்படுத்தும் முறை பற்றி எழுதிய நூலொன்றும் அவர் கைக்குக் கிட்டியது. குறிப்பேடு வைத்தல், சொற்பொழிவு கேட்டல், நண்பருடன் கடிதம் வழி உரையாடல் ஆகியவற்றை அந்நூல் வற்புறுத்தியது. இத்தகைய அறிவுரைகளைப் படித்து மகிழ்ந்து, மறுநாளே மறந்துவிடுவோர் நம்மில் பலர். பாரடே அவற்றைச் செய்தார். 1809ஆம் ஆண்டில் குறிப்பேடு தொடங்கினார். மறுஆண்டு டேட்டம் என்பவரின் அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனைத் தந்தவர், தந்தையாரைப் போலவே கொல்லராக உழைத்த அண்ணன் இராபர்ட். இதனைப் பெற்றோரும் மூத்த பிள்ளைகளும் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

கருவிகளின் படங்களைச் சரியாக வரைய அவருக்குத் தெரியவில்லை. ரீபோவின் வீட்டில் மஸ்கெரியே என்னும் ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைத் துடைத்து, காலணிகளுக்கு மெருகிட்டு, அதற்கு ஈடாக ஓவியம் கற்றார் பாரடே. எழுத்தில் தாம் பின்தங்கியிருப்பதை உணர்ந்து, தம்மைவிட நன்கு கற்ற ஆபட் என்னும் நண்பருடன் 1812 முதல் கடிதத் தொடர்பு கொண்டார். மக்ராத் என்னும் மற்றொரு நண்பர் பல ஆண்டுகள் அவருடைய சொற்பிழைகளைத் திருத்தி வந்தார். தம் குறையை மறைக்காமல், அதனைத் திருத்தவல்லவரைத் தேடிச் செல்லும் இத்துணிவே நாம் அவரிடம் பெரிதும் வியப்பது.

1812ஆம் ஆண்டில், இராயல் கழகத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு வாய்த்தது. கேட்டவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவி பாராட்டினாலும், நூல் கட்டும் தொழிலை விட வேண்டாம் என்றே அறிவுரை கூறினார். ஆயினும் சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் இடம் காலியாயிற்று. 1813 மார்ச்சு முதல் நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில் பாரடே அதில் அமர்ந்தார்.

அதன் பின்னும் அவர் மாணவராகவே இருந்தார். 1818ஆம் ஆண்டில் ஸ்மார்ட் என்பவரிடம் பேச்சுக்கலை பயின்றார். தாம் விரைந்து பேசிவிடுவதை அறிந்து, 'மெதுவாக' எனப் பொருள்படும் அட்டையைத் தம்முன் வைக்குமாறு உதவியாளரிடம் சொல்லி வைத்தார். நினைவாற்றல் குன்றியவர் ஆதலின், சோதனைகளை அன்றன்றே எழுதினார், தோல்வியுற்றவற்றையும் விடவில்லை. 1832 முதல் பத்திகளுக்கு எண்ணிடலானார். அவ்வெண் 16,041 வரை சென்றது!

1826ஆம் ஆண்டில் ரப்பர்ப் பாலை ஆராய்ந்து, ரப்பர் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள் என்று அவர் காட்டியது நம் தோட்டத்து மக்களுக்குச் சுவையான செய்தியாகும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர்க் கன்று வந்திறங்க அப்போது இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. மின்சாரத்திற்காகவோ அவர் பல்லாண்டு முயன்றார். 1825ஆம் ஆண்டில் செய்த சோதனை பயன் தரவில்லை. 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றிச் சோதித்தபோது, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றதில் கணநேரம் மின்சாரம் பாய்வதைக் கண்டார்.

புகழ் வந்தது, சர் பட்டம் வேண்டாவெனத் தவிர்த்தார். 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், எழுபதை நெருங்கிய வயதில், எரியும் மெழுகுவத்தி ஒன்றைக் கொண்டே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். டேவிக்கு அவர் கட்டி அனுப்பிய அந்தக் குறிப்பு நூல், இலண்டன் இராயல் கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றது.