கிறீன் வைத்தியரின் இலக்கு

றொசல்ல புகையிரத நிலையத்தில் அண்மையில் நாம் சந்தித்த தோட்டத்துத் தாயொருவர், வைத்தியசாலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். எந்த மாத்திரையை எந்த வேளைக்கு எடுக்க வேண்டும் என்பது அவர் கையிலிருந்த துண்டில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும், அது அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. வழியில் எவராவது வாசித்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையோடு அவர் காத்திருந்தார். மலையகத்தில் இது புதிய காட்சியன்று. துண்டை வாசித்துக் கொடுத்தபோது நம் நினைவுக்கு வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் செய்து செல்வராகியிருக்கலாம். அவருடைய சகோதரர் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் மாநகரின் உருவாக்கத்தில் பெரும் பங்காற்றிப் புகழடைந்தவர். சாமுவேலோ 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலம் அது.

கிறிஸ்தவ மரபில் இலக்கு என்பது தானாகத் தெரிந்தெடுப்பதைவிட, இறைவனின் அழைப்பாகப் பெற்றுக்கொள்வதாகவே கருதப்படுகிறது. எசமான் ஒப்படைத்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிக் கொடுக்கும் ஊழியனின் உவமையை விவிலியம் அறிந்தோர் அறிவர். செயலுக்கு முன் நிய்யத்தைச் சீர்செய்ய வேண்டும் எனக் கற்ற முஸ்லிம் வாசகருக்கும் இது அந்நியமானதன்று. கிறீனின் முதல் நோக்கம் சுவிசேஷத்தைப் பரப்புவதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் அவரை மதிப்பது, தமது இலக்கை அவர் அளந்து பார்த்த முறைக்காகவே.

நோயாளரைக் குணப்படுத்துவதோடு அவர் நிற்கவில்லை. தாம் சென்ற பின்னரும் கிராமங்களில் வைத்தியர் இருக்க வேண்டும் என்றெண்ணி, 1848இலேயே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். போதனை ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் தேறினர். ஆனால், தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். கிராமத்தவர் முன்போலவே கைவிடப்பட்டனர். வேறொருவராயின் சித்தியடைந்தோர் தொகையைக் காட்டித் திருப்தியடைந்திருப்பார். கிறீனோ இலக்கை மாற்றாமல் வழியை மாற்றினார். 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர், மேலைத்தேய வைத்தியத்தை முழுமையாகத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவார் என்பது அவரது கணிப்பு. மாணவர் மேலைத்தேய உடையைப் பின்பற்றுவதைக்கூட அவர் விரும்பவில்லை.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! விடுமுறைக்கு முன்னரே ‘பிரசவ வைத்தியம்’ (1857) வெளிவந்திருந்தது. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) எனப் பெருநூல்கள் தொடர்ந்தன. மாணவரும் அவரும் சேர்ந்து மொழிபெயர்த்தனர். சொல்லில்லாத இடத்தில் சொல்லை ஆக்கினர். உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றும் உடற்றொழிலியலைச் ‘சுகரணவாதம்’ என்றும் வழங்கியது இன்று நமக்கு விசித்திரமாகப்படலாம். ஆனால், அகராதியே இல்லாத துறையில் அவர்கள் நடந்தார்கள் என்பதை மறத்தலாகாது. இவ்வாறு 4000க்கும் மேற்பட்ட பக்கங்கள் தமிழுக்கு வந்தன. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள்.

உடல்நலம் குன்றி 1873இல் வூஸ்டர் திரும்பியவர் அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார். கொழும்பிலிருந்து வந்த புகையிரதப் பாதை றொசல்லையைக் கடந்து அட்டனை எட்டியதும் அதே 1884இல்தான்.

அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. இன்று நம் பல்கலைக்கழகங்களில் வைத்தியம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு நூல்கள் நூலகங்களில் அடங்கிவிட்டன. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இருக்கிறது. தமது கல்லறையில் ஆடம்பரமில்லாத ஒரு கல்லை மட்டும் நாட்டி, தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்று பொறிக்கும்படி அவர் கேட்டிருந்தார். வூஸ்டரில் அவ்வாறே பொறித்தார்கள்.