"செல்ஃப்" தந்த சார்லஸ் கெட்டரிங்

(மின்னியல் மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு)

எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் ஒரு வார்த்தை காதில் விழும். "செல்ஃப் எடுக்கல", "செல்ஃப் மோட்டார் போச்சு". இந்த "செல்ஃப்" என்பது செல்ஃப் ஸ்டார்ட்டர். சாவியைத் திருப்பினால் பேட்டரியில் ஒரு மோட்டார் சுற்றி இன்ஜினைக் கிளப்பிவிடுகிறதே, அதுதான். அதைக் காரில் வைத்து வெற்றி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு நகரத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் எடிசன், ஃபோர்டு அளவுக்கு இவரை யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த மலருக்கு இவரை எடுத்துக்கொண்டேன்.

1876 ஆகஸ்ட் 29-ல் ஓஹையோவில் லவுடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நாலாவது. சின்ன வயசிலேயே கண் பார்வையில் கோளாறு. கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். மின்சாரம், காந்தம், வெப்பம் இவற்றைப் பற்றி மாலை நேரத்தில் பையன்களுக்குச் செய்து காட்டுவாராம். பிறகு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் மறுபடியும் தொந்தரவு கொடுக்கவே படிப்பை விட்டுவிட்டு டெலிபோன் லைன் போடும் ஆட்களோடு போய்விட்டார். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அந்த கேங்குக்கே ஃபோர்மேன் ஆனார். திரும்பி வந்து படித்து, 1904-ல் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கும்போது அவருக்கு 27 வயது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கொஞ்சம் தெம்பாகலாம்! புத்தகத்தை அவரால் அதிக நேரம் பார்க்க முடியாததால் கூடப் படித்தவர்கள் பாடத்தை வாசித்துக் காட்டினார்கள். எங்க வீட்டில் பாடம் வாசித்துச் சொல்ல ஆள் கிடையாது, முதலில் படிக்க வந்ததே நான்தான். எனக்கும் ஹாஸ்டல் நண்பர்கள்தான் வாசித்துச் சொன்னார்கள். அதனால் அவர் வாழ்க்கையில் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் வேலை டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பதிலாக வைக்கும் கணக்கு மெஷின் அப்போது கையால்தான் இயங்கியது. அதை மோட்டாரில் ஓட வைக்க வேண்டும். மோட்டார் பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாகவும் இருக்கணும், டிராயரைத் தள்ளும்போது பலமாகவும் இருக்கணும். கெட்டரிங் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மோட்டார் ஓயாமல் ஓடப்போவதில்லை. ஒரு விநாடி ஓடும், பிறகு சும்மா இருக்கும். மோட்டார் கெடுவது சூட்டினால். சூடு ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டால், சின்ன மோட்டாரிடமே அதன் ரேட்டிங்குக்கு மேல் பல மடங்கு வேலை வாங்கலாம்! நாம் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பாடத்தில் "ஷார்ட் டைம் ரேட்டிங்" என்று ரெண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, அதை வைத்துத்தான் இந்த மனுஷன் உலகத்தையே மாற்றினார்.

அதே கம்பெனியில் எட்வர்ட் டீட்ஸ் என்பவர் நண்பரானார். டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு களஞ்சியக் கொட்டகையில், ராத்திரியிலும் லீவு நாளிலும் சில நண்பர்களோடு சேர்ந்து கார்களுக்கான பேட்டரி இக்னிஷனைச் செய்தார்கள். கேடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டு 8,000 செட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். 1909-ல் வேலையை விட்டுவிட்டு டெல்கோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்தில் காரை எப்படி ஸ்டார்ட் செய்தார்கள்? முன்னால் நின்று ஹேண்டிலை மாட்டிச் சுற்ற வேண்டும். எங்க ஊர் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கிற நேரம் தப்பினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை உடைக்கும். எங்க அப்பா ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மடக்கிச் சுற்ற மாட்டார், மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார். ஓஹையோவிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் 1908-ல் இறந்தார். வழியில் நின்றுபோன ஒரு காருக்கு உதவப்போய் ஹேண்டில் திருப்பி அடித்ததுதான் காரணம் என்றும், அவர் லேலண்டின் நண்பர் என்றும் கார் உலகில் கதையாகச் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் ஹேண்டிலை ஒழிக்கணும் என்று லேலண்டு கெட்டரிங்கிடம் கேட்டார்.

மோட்டாரால் இன்ஜினைச் சுற்றவேண்டுமானால் அந்த மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாக இருக்கும், காரில் வைக்க இடமே இராது என்று அன்றைய நிபுணர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். ஓயாமல் ஓடும் மோட்டாரை மனசில் வைத்துப் போட்ட கணக்கு அது. கெட்டரிங் கல்லாப்பெட்டியை மனசில் வைத்துப் போட்டார். சில விநாடி சுற்றினால் போதும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். 1911 பிப்ரவரியில் கேடிலாக் காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு கார் விற்பனைக்கு வந்தது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரிகள் சீரீஸில் சேர்ந்து 24 வோல்ட், ஓடும்போது அதே மெஷின் ஜெனரேட்டராக மாறி 6 வோல்ட்டில் சார்ஜ், விளக்கும் அதிலேயே! ஒரே மெஷினுக்கு ரெண்டு வேலை. பலசாலி டிரைவர்தான் கார் ஓட்ட முடியும் என்ற நிலை அதோடு போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஹேண்டில் ஆபத்தானதுதான், ஆனால் அதில் ஒரு காவலும் இருந்தது. பெரிய ஆள் ஒருத்தர் முன்னால் வந்து நின்று, தம் கட்டிச் சுற்றினால்தான் இன்ஜின் ஓடும். செல்ஃப் வந்த பிறகு ஒரு விரல் போதும். சின்னப் பிள்ளை கூட ஸ்டார்ட் செய்யலாம், கியர் விழுந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். எனவே "இப்போ ஸ்டார்ட் ஆகக்கூடாது" என்று சொல்ல தனியாக சுவிட்சுகள் தேவைப்பட்டன. இதைத் தெளிவாகப் பார்க்க நல்ல உதாரணம் அமெரிக்கர்கள் வீட்டுப் புல்தரையில் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி. எங்கள் ஆசிரியர் அதன் வயரிங் படத்தைப் போர்டில் போட்டுத்தான் இன்டர்லாக் பாடம் நடத்தினார்.

அந்த வண்டியின் அடியில் சுற்றும் பிளேடின் நுனி வேகத்துக்கு அமெரிக்கத் தர விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு 350 கிலோமீட்டருக்குக் கிட்ட வருகிறது! அதனால்தான் இத்தனை சுவிட்சு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பியூஸ், சாவி சுவிட்சு, பிரேக் பெடல் சுவிட்சு, பிளேடு சுவிட்சு என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்துதான் கரண்ட் சோலனாய்டின் காயிலுக்குப் போகும். பிரேக்கை மிதிக்காவிட்டாலும், பிளேடு ஓடும் நிலையில் இருந்தாலும் செல்ஃப் எடுக்காது. சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சின் வேலை வேறு. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது ஃப்ளைவீல் பக்கத்தில் உள்ள மேக்னட்டோ, அதற்குப் பேட்டரியே வேண்டாம். (கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன் இங்கே இல்லை, அவருடைய செல்ஃப் மட்டும்தான்.) மேக்னட்டோவை நிறுத்த ஒரே வழி, அதன் வயரை எர்த் செய்வது. பிளேடு ஓடும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தால் அந்த வயர் எர்த் ஆகி இன்ஜின் நிற்கும். மாடலுக்கு மாடல் வயரிங் கொஞ்சம் மாறும், தத்துவம் இதுதான்.

இனி ஃபால்ட் வருகிறது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டணும். பிறகு பியூஸ், டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று. அதற்கப்புறம் ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்ப, இன்னொருத்தர் சோலனாய்டின் சின்ன டெர்மினலில் மீட்டரை வைக்கணும். அங்கே 12 வோல்ட் வந்தும் "டக்" சத்தம் இல்லை என்றால் காயில் போச்சு, அல்லது அதன் எர்த் போச்சு. வோல்ட்டே வரவில்லை என்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னால் நடந்து வரவேண்டும். எந்த சுவிட்சுக்கு இந்தப் பக்கம் வோல்ட் இருந்து அந்தப் பக்கம் இல்லையோ, அதுதான் ஆசாமி. பெரும்பாலும் சுவிட்சு கெட்டிருக்காது. பெடல் கம்பி வளைந்து சுவிட்சை முழுசாக அமுக்காமல் இருக்கும், அல்லது ஈரப்புல் போய் கனெக்டரில் துரு பிடித்திருக்கும்.

"டக் டக்" என்று மட்டும் அடித்தால் சுவிட்சுகளைச் சந்தேகப்பட வேண்டாம், அவை எல்லாம் சரி என்று சொன்னதால்தான் சோலனாய்டே அடிக்கிறது. பேட்டரி பலவீனம், பாடி எர்த் லூஸ், சோலனாய்டு பாயிண்ட் கருகல், இவற்றில் ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை என்றால் மேக்னட்டோ வயர் எங்கோ எர்த் ஆகியே கிடக்கலாம். சீட் சுவிட்சு, அல்லது ஃப்ரேமில் உரசித் தோல் உரிந்த வயர். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் நின்றுபோனால் சீட்டின் ஸ்பிரிங்கையும் சுவிட்சையும் பாருங்கள்.

இங்கேதான் பலரும் குறுக்கு வழி தேடுவது. ஒரு துண்டு வயரைச் சொருகி சுவிட்சைத் தாண்டிவிட்டால் வண்டி ஓடிவிடும். பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்தாலே சுவிட்சு நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். அமுக்கினால் சேரும் சுவிட்சும் உண்டு, அமுக்கினால் பிரியும் சுவிட்சும் உண்டு, அதை முதலில் படத்தில் பார்த்துக்கொள்ளணும். அந்த வயர் துண்டை அப்படியே விட்டுவிட்டுப் போனால், அடுத்து ஏறுகிறவருக்கு அது தெரியாது. எங்க சித்தப்பா வேலை பார்த்த ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினுக்கு ரெண்டு கைக்கும் ரெண்டு பட்டன். உற்பத்தி வேகமாக வரணும் என்று ஒரு பட்டனை அமுக்கியபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு வலது கையில் ரெண்டு விரல் இல்லை. அமெரிக்காவில் கையால் தள்ளும் மோட்டார் புல்வெட்டிக்கு 1982-ல் சட்டமே வந்தது. கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்கணும். ஏறி ஓட்டும் வண்டியில் அந்தக் காவலைச் செய்வது சீட் சுவிட்சு.

கெட்டரிங் கதைக்கு வருவோம். டெல்கோவை 1916-ல் விற்றார்கள், பிறகு அது ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எல்லாமே ஜெயிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் செப்புத் தகடு இன்ஜினை அவர் பெரிதாக நம்பினார். 1923-ல் அந்தக் கார்களைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. ராஜினாமா செய்ய முன்வந்தார், கம்பெனி ஏற்கவில்லை. ரயில்களுக்கான டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின் பின்னாளில் பெரிய வெற்றி.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இன்ஜினில் "நாக்கிங்" வராமல் இருக்கப் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கலாம் என்று அவர் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டுபிடித்தார். ஈயம் விஷம் என்பது அதற்கு எத்தனையோ காலம் முன்பே தெரிந்த சங்கதி. 1924-ல் அதை விற்க ஆரம்பித்த கம்பெனிக்குக் கெட்டரிங்தான் முதல் தலைவர். அதே வருஷம் அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். விற்பனை கொஞ்ச காலம் நின்றது, 1926-ல் மறுபடி தொடங்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல்தான் ஒழிந்தது, உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல். ஹேண்டிலிலிருந்து இத்தனை பேர் கையைக் காப்பாற்றியவர், இந்த இடத்தில் நிறுத்தும் சுவிட்சை அமுக்கவே இல்லை. பெரிய மனிதர் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

180-க்கும் மேல் காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1945-ல் நியூயார்க்கில் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஸ்லோன்-கெட்டரிங் என்று பெயர். மனைவி ஆலிவ் அம்மையாரே அடுத்த வருஷம் புற்றுநோயால் காலமானார். இன்னொரு ஆசையும் அவருக்கு இருந்தது. புல் ஏன் பச்சையாக இருக்கிறது, சூரிய ஒளியை அது எப்படிப் பிடித்து வைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்! அதற்காகவே ஓஹையோவில் ஆன்டியாக் கல்லூரியில் ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வந்தார். அந்தக் கல்லூரியில் மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பிலும் கொஞ்ச காலம் வேலையிலும் மாறி மாறி இருப்பார்கள், நம்ம சாண்ட்விச் டிப்ளமோ மாதிரி. படிப்பு அப்படித்தான் இருக்கணும் என்பது அவர் கட்சி. 1958 நவம்பரில், 82 வயதில், டேட்டனில் இறந்தார். மிச்சிகன் மாநிலம் ஃப்ளின்ட் நகரில், அதே முறையில் நடக்கும் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்று 1998-ல் தன் பெயரைக் கெட்டரிங் பல்கலைக்கழகம் என்று மாற்றிக்கொண்டது.